ஐஸ் வேண்டாத மீன் சந்தை!

பழவேற்காடு ஏரிக்குக் குளிர்காலத்தில் ஊசிவால் வாத்துகள் வருகின்றன. வட ஆசியாவின் கடுங்குளிருக்குத் தப்பி வரும் பறவைகள் அவை. மனிதன் அப்படிப் பறந்து வர முடியுமா?

ரஷ்யாவின் சைபீரியாவில் யாகுட்ஸ்க் என்று ஒரு நகரம். 3 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வசிக்கிறார்கள். ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி!

பழவேற்காட்டில் மீன் கெடாமலிருக்க ஐஸ் போடுகிறார்கள். அங்கே சந்தையில் மீன்கள் விறகுக்கட்டை போல் விறைத்து நிற்கின்றன. லேனா நதி உறைந்து, அதன் மேல் லாரிகள் ஓடுகின்றன!

அடிமண்ணும் உறைந்தே கிடக்கிறது. வீட்டுச் சூட்டில் மண் இளகினால் வீடு சாய்ந்துவிடும். ஆகவே தூண்கள் மீது கட்டுகிறார்கள்.

கையுறையின்றி வெகுநேரம் வெளியே நின்றால் விரலையே இழக்க நேரிடும். ஆனாலும், குளிர் 45 டிகிரியைத் தொட்டால்தான் சிறு வகுப்புகளுக்கு விடுமுறை!