கடலும் மலையும் கண்ட காஞ்சித் தம்பதி

மழைக்காலம் வந்துவிட்டால் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் குறைந்துவிடும். குழித்தறியின் பள்ளத்தில் ஈரம் ஊறும். தெருவில் பாவு நீட்டுவதற்கு வெயில் கிடைக்காது. ஆண்டு முழுவதும் ஓயாத கைகளும் கால்களும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் சற்றே இளைப்பாறும். சென்ற கார்த்திகையில் அத்தகைய ஓய்வு நாட்களில்தான், எழுபதைக் கடந்த நெசவாளர் ஒருவரும் அவருடைய மனைவியும் ஐந்து நாள் பயணமாகக் கடற்கரைத் தலங்களையும் மலைத் தலங்களையும் தரிசித்து வந்தனர். வாழ்நாளில் அவர்கள் அவசரமின்றிச் சென்ற முதல் யாத்திரை அதுவே.

பயணத்துக்குக் காரணம் ஒரு மாலை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மகளுக்கு வரன் அமையாமல் வருந்திய நாளில், திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் சந்நிதியில் பெற்று வந்த மாலை அது. திருமணம் கைகூடிய பின், தம்பதி சமேதராக அந்தப் பழைய மாலையுடன் மீண்டும் வந்து பெருமாளை வலம் வரவேண்டும் என்பது அத்தலத்து வழக்கம். ஆறு மாதங்களுக்குள் திருமணம் நடந்தது. தந்தை தம் கையாலேயே கோர்வைச் சேலை நெய்து மகளை அனுப்பிவைத்தார். ஆனால் மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. இரண்டு நாள் விடுப்பு, பிள்ளைப்பேறு, நோய்த்தொற்றுக் காலம் என்று ஆண்டுகள் ஓடின. பூஜை அறையின் ஆணியில் தொங்கிய மாலை சருகாகி நாராயிற்று. "இதைக் கொண்டு சேர்க்காமல் என் கண் மூடிவிடுமோ?" என்பதே அந்தத் தாயின் ஓயாத கவலை.

இந்த முறை மகளும் மாப்பிள்ளையும் ஏழு வயதுப் பேத்தியுடன் ஒரு வாரம் தங்கும்படி வந்தனர். "ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. அம்மையார்தாம் மறுத்தார். "ஒன்பது வருஷம் காத்த மாலை. ஓடிப் போய்ப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டாம்."

மதுராந்தகத்தில் கேட்ட கதை

முதல் நாள் உத்திரமேரூர் வழியாக மதுராந்தகம் சென்றனர். குடவோலை முறையைக் கூறும் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகளை உத்திரமேரூரில் கண்டபின், நண்பகலுக்குள் ஏரிகாத்த ராமர் சந்நிதியை அடைந்தனர்.

ஏரி காத்த வரலாறு பலரும் அறிந்தது. 1798-ஆம் ஆண்டு பெருமழையில் மதுராந்தகம் ஏரிக்கரை உடையும் நிலைக்கு வந்தது. செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை இரவில் கரையைப் பார்க்கச் சென்றபோது, வில்லேந்திய இரு இளைஞர்கள் அங்கே காவல் நிற்கக் கண்டார் என்றும், கரை உடையாமல் நின்றது என்றும் தலவரலாறு கூறும். அதற்கு நன்றியாக அவர் தாயாருக்குச் சந்நிதி எழுப்பித் தந்தார் என்பர்.

இத்தலத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஆளவந்தாரைச் சேவிக்கும் ஆவலுடன் திருவரங்கம் சென்ற ராமாநுஜர், அவர் திருநாட்டுக்கு எழுந்தருளிய பின்னரே அங்குப் போய்ச் சேர்ந்தார். அந்தத் தாமதம் அவர் உள்ளத்தில் ஆறாத புண்ணாயிற்று. பின்னர் பெரிய நம்பிகளை மதுராந்தகத்தில் சந்தித்தபோது, 'காஞ்சிக்குப் போய்ப் பேரருளாளன் சந்நிதியில் செய்துகொள்ளலாம்' என்று நம்பிகள் கருதியும், ராமாநுஜர் ஒரு கணமும் பொறுக்கவில்லை. நிலையில்லாத இவ்வுடலை நம்பி நல்ல காரியத்தை ஒத்திவைக்கலாகாது என்று வேண்டி, அங்கேயே மகிழ மரத்தடியில் பஞ்ச சம்ஸ்காரம் பெற்றார் என்கிறது குருபரம்பரை.

அர்ச்சகர் இதைச் சொல்லக் கேட்ட அம்மையார், மடியிலிருந்த துணிப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாலை அதில்தான் இருந்தது.

வேதமே மலையான தலம்

அன்றிரவு திருக்கழுக்குன்றத்தில் தங்கினர். அங்கே மலைமேல் வேதகிரீஸ்வரர். அடிவாரத்துத் தாழக்கோயிலில் பக்தவத்சலேஸ்வரரும் திரிபுரசுந்தரி அம்மனும். நண்பகலில் இரு கழுகுகள் வந்து அமுது பெற்றுச் சென்ற காட்சியை மூத்த வாசகர்கள் பலர் நேரில் கண்டிருக்கக்கூடும். 1990-களின் இறுதியில் அவற்றின் வருகை நின்றுபோயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றும் சங்கு தீர்த்தம் மட்டும் இன்றும் அன்பர்களை ஈர்த்துவருகிறது.

மறுநாள் காலை மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறிச் சென்றனர். பெரியவர் முதல் மண்டபத்தைக் கூடத் தொடவில்லை. ஐம்பதாண்டுகள் தறிப்பள்ளத்தில் அமர்ந்து மிதி மிதித்த முழங்கால்கள் அவை. பத்துப் பன்னிரண்டு படிகளிலேயே வலி கண்டு திரும்பினார். முகம் வாடிற்று.

ஊர்ப் பெரியவர் ஒருவர் அவர்களுக்கு ஆறுதல் கூறினார். இந்த மலையின் சிகரங்கள் நான்கும் நான்கு வேதங்கள். வேதத்தின்மீது கால் வைக்க அஞ்சி, சமயக் குரவர் நால்வரும் அடிவாரத்தில் நின்றே பாடினார்கள் என்பது தலத்து மரபு. அவர்கள் நினைவாக நால்வர் கோயிலும் இங்கே உண்டு. மேலே செல்ல இயலாதவர்கள் கீழே நின்று கைகூப்பினால் போதும். இயன்றவர்கள் மலையை வலம் வரலாம். தம்பதியர் இருவரும் தாழக்கோயிலில் நிதானமாக அமர்ந்து, பிராகாரத்தை ஒருமுறை சுற்றிவந்தனர். பேத்தி மலையிலிருந்து இறங்கி வந்ததும் திருநீற்றுப் பொட்டலத்தைத் தாத்தாவின் கையில் வைத்தாள். ஆயினும் பெரியவரின் மனம் முழுதும் ஆறவில்லை.

முதியவராக வந்த பெருமாள்

பிற்பகலில் மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் 1984-ஆம் ஆண்டிலேயே உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டவை. காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த ராஜசிம்ம பல்லவனே இங்குக் கடற்கரைக் கோயிலையும் எடுப்பித்தான். தலைநகரத்தில் ஒன்று, துறைமுகத்தில் ஒன்று. காஞ்சிக்காரர்களுக்கு இவ்வூர் அயலூர் அன்று.

ஆனால் சிற்பங்களைக் காண வருவோரில் பலர், ஊரின் நடுவே இருக்கும் திருக்கடல்மல்லை திவ்யதேசத்தைத் தரிசிக்காமலேயே திரும்பிவிடுகின்றனர். பூதத்தாழ்வார் அவதரித்த தலம் இது. இங்கே பெருமாள் ஆதிசேஷன்மேல் அன்றி, வெறுந்தரையில் சயனித்திருக்கிறார். ஆகவே ஸ்தலசயனப் பெருமாள் என்று திருநாமம்.

புண்டரீக மகரிஷி, தாமரை மலர்களைப் பாற்கடல் நாதனின் திருவடியில் சேர்க்க விரும்பி, குறுக்கே நின்ற கடலைக் கையால் இறைக்கத் தொடங்கினார். பகல் இரவு பாராது இறைத்தும் கடல் குறையவில்லை. அப்போது பசித்த முதியவர் ஒருவர் வந்து உணவு கேட்டார். 'நீர் போய் அமுது கொண்டுவாரும். அதுவரை நான் இறைக்கிறேன்' என்றார். மகரிஷி உணவுடன் திரும்பியபோது, அம்முதியவர் மலர்களைச் சூடிக்கொண்டு தரையிலேயே பள்ளிகொண்டிருந்தார். வந்தவர் பரந்தாமனே.

மகரிஷி கடலைக் கடக்கவில்லை. கடலுக்கு அப்பால் இருந்தவர் இப்பால் வந்துவிட்டார். முடியாது என்று தெரிந்தும் கைகளால் இறைத்த அந்த அன்புக்கு, இறைவன் நடந்து வந்தான். அதுவும் முதுமைக் கோலத்தில் வந்தான். சந்நிதியில் அம்மையார் கணவரிடம் மெல்லச் சொன்னார்: "பார்த்தீர்களா, பெருமாளே கிழவராகத்தான் வந்தாராம். நமக்கு என்ன வெட்கம்?" பெரியவர் பதில் சொல்லவில்லை. நெடுநேரம் கைகூப்பி நின்றார்.

ஒன்பது சுற்றுகள்

மூன்றாம் நாள் காலை வடக்கு நோக்கிக் கடலோரச் சாலையில் திருவிடந்தை. காலவ முனிவரின் முந்நூற்றறுபது பெண்களையும் நாளொருவராக மணந்து, நிறைவில் அனைவரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கம் ஏற்றுக்கொண்டவர் இத்தலத்து ஆதிவராகப் பெருமாள். அகிலவல்லி நாச்சியாரை இடத்தொடையில் தாங்கி நிற்கும் அந்தக் கோலமே ஊருக்குப் பெயராயிற்று. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த இத்தலத்தில் நாள்தோறும் திருக்கல்யாணம்.

மகள், தந்தை நெய்த திருமணச் சேலையையே உடுத்தியிருந்தாள். அரக்கு உடல், பச்சைக் கரை. உடலும் கரையும் தனித்தனி நிறமாக ஓடினாலும், இரண்டையும் ஊடு இழை கோத்துப் பிடித்திருப்பதே கோர்வையின் சிறப்பு. அதை ஒருவரால் நெய்ய முடியாது. தறியில் அமர்ந்தவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்து கரை நாடாவை வாங்கித் தரவேண்டும். அந்தச் சேலைக்குப் பக்கத்தில் அமர்ந்து நாடா கொடுத்தவர் அம்மையார்.

அர்ச்சனை முடிந்து, பழைய மாலையைக் கையில் ஏந்தி, மகளும் மாப்பிள்ளையும் பெருமாளை ஒன்பது முறை வலம் வந்தனர். அம்மையார் கொடிமரத்தருகே அமர்ந்து சுற்றுகளை எண்ணினார். ஏழாவது சுற்றில் எண்ணிக்கை தவறிற்று, கண்ணீர் மறைத்துவிட்டது. பேத்திதான், "ஒன்பது ஆயிடுச்சு பாட்டி" என்று சொன்னாள். மாலையை அதற்குரிய இடத்தில் சேர்ப்பித்தனர். வெறும் துணிப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட அம்மையார், அன்று மாலை கடற்கரையில் அலையில் கால் நனைத்து நின்றார். காஞ்சியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள கடல். இருபது ஆண்டுகளுக்குப் பின் அன்றுதான் அவர் கண்டார்.

ஒரு கடிகை போதும்

நான்காம் நாள் காஞ்சிக்குத் திரும்பி ஓய்வு. ஐந்தாம் நாள் அரக்கோணம் வழியாகச் சோளிங்கர் என்னும் திருக்கடிகை.

பெரியவர் இளமையில் கார்த்திகைதோறும் 1305 படிகளையும் ஏறிச் சேவித்தவர். யோகத்தில் கண்மூடி வீற்றிருக்கும் நரசிம்மர் கார்த்திகை மாதத்தில் கண் திறந்து அன்பர்களை நோக்குகிறார் என்பது நம்பிக்கை. கால் தளர்ந்தபின் ஆறு ஆண்டுகளாக அவர் சோளிங்கர் பக்கமே போகவில்லை. 2024-இல் பெரிய மலைக்கு ரோப் கார் வந்துவிட்டது என்று பலரும் சொன்னபோதும், "ஏறாமல் காண்பது தரிசனமா?" என்று மறுத்துவந்தார்.

இம்முறை மலையடிவாரத்தில் வண்டி நின்றதும், படிக்கட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "பாப்பா, தாத்தா கையைப் பிடித்துக்கொள்" என்று பேத்தியுடன் ரோப் கார் நிலையத்தை நோக்கி நடந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடிகை என்பது ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். இத்தலத்தில் ஒரு கடிகை தங்கினாலே வீடுபேறு என்பது புராணம். எத்தனை படி ஏறினாய் என்று தலம் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் இருந்தாய் என்றே கேட்கிறது. யோக நரசிம்மரையும் அமிர்தவல்லித் தாயாரையும் சேவித்தபின், பெரியவர் அங்கேயே ஓரமாக அமர்ந்துகொண்டார். எதிரே 406 படிகள் கொண்ட சின்னமலை. அங்கே சங்கு சக்கரம் தாங்கிய நான்கு கரங்களுடன் யோக ஆஞ்சநேயர், பெரிய மலைப் பெருமாளை நோக்கியபடியே அமர்ந்திருக்கிறார். அவரும் இங்கிருந்து அங்கே ஓடி வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே தரிசிக்கிறார். அதைச் சொல்லிப் பெரியவர் சிரித்தார். அரைமணி நேரத்துக்கு மேலாகியும் அவர் எழுந்திருக்கவில்லை.

முதியோரை அழைத்துச் செல்பவர்கள் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ளவேண்டும். கார்த்திகை வெள்ளி, ஞாயிறுகளில் சோளிங்கரில் பெருங்கூட்டம் இருக்கும். மற்ற நாட்களே ஏற்றவை. ரோப் கார் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் நாட்களும் உண்டு. முன்னரே விசாரித்துப் புறப்படுவது நலம். எந்தத் தலத்திலும் நண்பகலில் நடை சாத்தும் நேரத்தைக் கேட்டறிந்து, நாளொன்றுக்கு இரண்டு கோயில்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாவிட்டால், களைப்பின்றித் தரிசிக்கலாம்.

வீட்டருகே ஒரு மலை

மகள் குடும்பம் ஊருக்குப் புறப்பட்ட மறுநாள் மாலை, தம்பதியர் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குச் சென்றனர். எத்தனையோ ஆயிரம் முறை சென்ற கோயில்தான். பேரருளாளன் எழுந்தருளியிருப்பதும் ஒரு மலையே. அத்திகிரி என்று பெயர். அதன் குகையில் நரசிம்மர், மேலே வரதர். ஏறிச் செல்லும் படிகள் 24. காயத்ரியின் 24 எழுத்துகளே அப்படிகள் என்பர்.

ஒரு படிக்கு ஒரு மூச்சு என்று பெரியவர் நின்று நின்று ஏறினார். அம்மையார் ஒரு படி பின்னால், அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஏறினார். பின்னால் வந்தவர்கள் விலகி முன்னே சென்றனர். இருபத்துநான்காவது படியில் நின்று இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டனர். பிறகு உள்ளே சென்றனர். திரை விலகியிருந்தது.