தொற்றும் அரிப்பும் விலங்குகளின் பழக்கமும்

ஒரு விலங்கு சொறிவதைப் பார்க்கும் மற்றொரு விலங்கு, தன் தோலில் எந்தக் கோளாறும் இல்லாமலே சொறியத் தொடங்குவது தொற்றும் அரிப்பு எனப்படும். மனிதரிடமும் இது உண்டு.

ஆய்வுகள்

ஜப்பானியக் குரங்குகளில் இது நிகழ்வதை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. சுண்டெலிகளிலும் உண்டு என 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதே சோதனையைச் செய்த வேறு ஆய்வகங்களுக்கு அம்முடிவு கிடைக்கவில்லை.

பழக்கத்தின் பங்கு

சிம்பன்சிகளுக்குத் தம் கூட்டத்தாரிடமிருந்தே கொட்டாவி அதிகம் தொற்றுகிறது. சொறிதல் வேறுபடலாம். ஒராங்குட்டான்களில், பதற்றமான வேளைகளில், நெருக்கம் குறைந்தவை சொறிவதைக் கண்டபோதே அது அதிகம் தொற்றியதாக 2020-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. குரங்கினங்களில் சொறிதல் மன இறுக்கத்தின் அடையாளமும் ஆகும். எனவே அதிகம் பழகாத ஒன்றின் பதற்றம், மற்றதற்கு எச்சரிக்கையாக அமையலாம்.

கவனிக்க வேண்டியது

தாம்பரத்தை அடுத்த வண்டலூர் உயிரியல் பூங்காவில் குரங்குகளைக் காணும் மாணவர்கள், முதலில் சொறிந்தது எது, அதை மற்றது பார்த்ததா, இரண்டும் நெருங்கிப் பழகுபவையா எனக் குறித்துக்கொள்ளலாம்.

தெருவில் ஒன்றாகப் படுக்கும் நாய்கள் பலவும் சொறிந்தால், பார்த்துச் சொறிகின்றன என்று விட்டுவிடக் கூடாது. சொறிநோயை உண்டாக்கும் சிற்றுண்ணிகள் உடலோடு உடல் உரசும்போது பரவும். மனிதருக்கும் தற்காலிக அரிப்பைத் தரும். முடி உதிர்வோ தோல் தடிப்போ தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை. பார்வையால் தொற்றும் அரிப்புக்கு மருந்து தேவையில்லை. உண்ணியால் தொற்றுவதற்குத் தேவை.