லதாக்கியா கடலில் ஓர் இரவு

ஹிஜ்ரி 1393, ரமளான் பிறை 10. அதாவது 1973 அக்டோபர் 6. 1967இல் பறிகொடுத்த சினாய் மண்ணையும் கோலான் குன்றுகளையும் மீட்கும் பொருட்டு, எகிப்தும் சிரியாவும் அன்று பிற்பகல் ஒரே வேளையில் இஸ்ரேலியப் படைகளைத் தாக்கின. எகிப்து தன் திட்டத்திற்குச் சூட்டிய பெயர் 'பத்ரு'. அதன் வீரர்கள் சூயஸ் கால்வாயைக் கடந்து பார்லெவ் அரணை உடைத்த செய்தி நம் இல்லங்களில் இன்றும் பெருமிதத்தோடு பேசப்படுகிறது. ஆனால் அதே இரவில் சிரியாவின் லதாக்கியா துறைமுகத்திற்கு வெளியே நிகழ்ந்த ஒரு சிறு கடற்போரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

அதனை அறிந்துகொள்ள ஆறாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1967 அக்டோபர் 21 அன்று, போர்ட் சயீத் துறைமுகத்திலிருந்த எகிப்தியச் சிறு படகுகள் 'ஸ்டிக்ஸ்' என்னும் சோவியத் ஏவுகணைகளை ஏவி, 'எய்லாத்' என்ற இஸ்ரேலியப் போர்க்கப்பலை மூழ்கடித்தன. அதில் 47 பேர் மாண்டனர். கப்பலிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணையால் ஒரு போர்க்கப்பல் மூழ்கியது உலக வரலாற்றில் அதுவே முதன்முறை. அரபுலகம் மகிழ்ச்சியில் திளைத்தது.

தோற்றவர்களோ துயரத்தோடு நின்றுவிடவில்லை. முன்னரே தொடங்கியிருந்த ஆய்வுகளை விரைவுபடுத்தினர். 'கேப்ரியல்' என்னும் ஏவுகணையைத் தாமே உருவாக்கினர். பகைவரின் ஏவுகணை எவ்வாறு இலக்கைத் தேடுகிறது என ஆராய்ந்து, அதனைத் திசை திருப்பும் மின்னணுக் கருவிகளையும் செய்தனர்.

இனி அந்த ரமளான் இரவுக்கு வருவோம். லதாக்கியாவை நோக்கி ஐந்து இஸ்ரேலிய ஏவுகணைப் படகுகள் வந்தன. எதிர்ப்பட்ட சிரியாவின் டார்ப்பிடோ படகு ஒன்றும், கண்ணிவாரிக் கப்பல் ஒன்றும் முதலில் வீழ்ந்தன. பின்னர் மூன்று சிரிய ஏவுகணைப் படகுகள் எதிர்த்து நின்றன. அவற்றின் 'ஸ்டிக்ஸ்' ஏவுகணை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பாயும். 'கேப்ரியல்' பாய்வதோ அதில் பாதித் தொலைவே. எனவே முதலில் அடிக்கும் வாய்ப்பு சிரியர்களுக்கே கிட்டியது. அவர்களும் தயங்காது ஏவினர். ஆனால் இஸ்ரேலியப் படகுகள் மெல்லிய உலோக இழைகளை வானில் தூவின. ராடாரைக் குழப்பும் அலைகளைப் பரப்பின. பாய்ந்து வந்த ஏவுகணைகள் பொய்யுருவங்களைத் துரத்திச் சென்று கடலில் விழுந்தன. ஒன்றுகூட இலக்கைத் தொடவில்லை. விடிவதற்குள் ஐந்து சிரியக் கலங்களும் அழிந்தன. எதிர்த்தரப்பில் ஒரு கலமும் மூழ்கவில்லை. ஏவுகணைப் படகுகள் தம்முள் மோதிய முதல் போர் இதுவே.

சிரிய மாலுமிகள் கோழைகளா? அல்லர். ஆயுதம்தான் பழுதா? அதுவும் அன்று. இதே சோவியத் ஏவுகணையைக் கொண்டே 1971 டிசம்பரில் இந்தியக் கடற்படை கராச்சிக்கு அருகே பாகிஸ்தானின் 'கைபர்' கப்பலை மூழ்கடித்தது. குறை வேறிடத்தில் இருந்தது. ஒரு சாரார் ஆயுதத்தை விலைக்கு வாங்கினர். மறு சாரார் அந்த ஆயுதத்தின் நுட்பத்தையே கற்றனர். வாங்கிய பொருள் வாங்கிய நாளில் உள்ளபடியே இருக்கும். கற்ற அறிவோ நாள்தோறும் வளரும். 1967இன் வெற்றி ஒரு சாராரை உறங்க வைத்தது. அதே நாளின் தோல்வி மறு சாராரை விழிக்க வைத்தது.

பத்ருக்கு அடுத்த ஆண்டே உஹது வந்ததை நாம் அறிவோம். வெற்றி கைகூடிவிட்டது என்றெண்ணிக் குன்றைவிட்டு இறங்கிய வில்லாளிகளின் செயல் எத்துணை இழப்பைத் தந்தது! ஆயினும் நம் முன்னோர் உஹதை மறைக்கவில்லை; பத்ரோடு சேர்த்தே அதனையும் தலைமுறைதோறும் கற்பித்தனர். சூயஸைக் கடந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோர், லதாக்கியாவின் கதையையும் சேர்த்துச் சொல்லட்டும். முன்னது அவர்களுக்கு நெஞ்சுரம் தரும். பின்னது அவர்களைப் புத்தகத்தின் முன் அமர வைக்கும்.