பேசாத பிள்ளைக்குக் குரல் கொடுக்கும் கருவி! சென்னையில் பிறந்தது

பிள்ளைக்குப் பல் வலிக்கிறது. ‘‘வலிக்கிறது’’ என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்யும்?

தலையைச் சுவரில் மோதும். கையைக் கடித்துக்கொள்ளும். சோற்றுத் தட்டைத் தூக்கி எறியும்.

‘‘பிடிவாதம்! அடித்து வளர்த்திருந்தால் இப்படி ஆகுமா?’’ என்று பக்கத்து வீட்டில் பேசுவார்கள். பெற்றவள் அதையும் காதில் வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தேற்ற வேண்டும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகப் பேசும் கருவி ஒன்று இருக்கிறது. அது பிறந்த ஊர், நம் சென்னை!

ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் தொற்றுநோய் அல்ல. பேய், பிசாசும் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு மாறுதல். தாயார் வளர்த்த முறையால் வருவதும் அல்ல.

1943-ம் ஆண்டில், அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதன் பிறகே டாக்டர்கள் இதைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களில் சிலர் சரளமாகப் பேசுவார்கள். சிலருக்கு ஒரு சொல்லும் வராது. பலருக்கு இரைச்சல் ஆகாது. தியாகராயநகர் ரங்கநாதன் தெருவில் நமக்கே காது அடைக்கிறது. அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

இன்னொன்று: காதால் கேட்டுப் புரியாததை, கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் இவர்களில் பலர்.

கோட்டூர்புரத்தில்...

அடையாறு ஓரத்தில் இருக்கிறது கோட்டூர்புரம். உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்காக 1985-ல் தொடங்கப்பட்ட ‘வித்யா சாகர்’ நிறுவனம் அங்கே நடக்கிறது. பேச முடியாத பிள்ளைகள் பலகையில் உள்ள படத்தைத் தொட்டுக் காட்டுவது வழக்கம். டம்ளர் படத்தைத் தொட்டால் தண்ணீர் வேண்டும் என்று பொருள்.

இதில் ஒரு சங்கடம். பலகைக்குக் குரல் கிடையாது! அம்மா அடுப்பங்கரையில் இருந்தால் பிள்ளை தொட்டது யாருக்குத் தெரியும்?

இதற்கு வழி கண்டவர் அஜித் நாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த என்ஜினீயர். வித்யா சாகரில் உள்ளவர்களோடு கலந்து வேலை செய்து, அவர் உருவாக்கிய கருவியின் பெயர் ‘ஆவாஸ்’. இந்தியில் குரல் என்று அர்த்தம்.

‘எனக்கு’, ‘தண்ணீர்’, ‘வேண்டும்’ என்ற மூன்று படங்களைப் பிள்ளை தொடுகிறது. உடனே கருவி அதை உரக்கச் சொல்கிறது!

அயல்நாட்டில் இத்தகைய கருவிகள் லட்சக்கணக்கில் விலை. ஆவாஸ் அதைவிட மிக மலிவாக வந்தது. 2010-ல் மத்திய சர்க்காரின் தேசிய விருது கிடைத்தது. 2012-ல் ஐபேடுக்குள் புகுந்தது. இப்போது தமிழிலும் பேசுகிறது.

‘‘கருவி வந்தால் சொந்தப் பேச்சு போய்விடாதா?’’ என்பது பெற்றோரின் பயம். நியாயமான பயந்தான். 2006-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், வளர்ச்சிக் குறைபாடு உள்ள 27 பேரைப் பற்றிய ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது!

மாய அறை

படத்தின் உதவி பேச்சோடு நிற்கவில்லை. பயத்தைப் போக்கவும் அது பயன்படுகிறது.

இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் ‘நீல அறை’ என்ற ஓர் அறையில் பரிசோதனை நடத்தினார்கள். சுவர் எல்லாம் நகரும் படம். கண்ணாடி மாட்டவேண்டியதில்லை. கூட்டமான பஸ்ஸுக்குப் பயப்படும் பையன் அந்த அறைக்குள் நின்றால், பஸ்ஸுக்குள் நிற்பது போலவே இருக்கும். மனோதத்துவ நிபுணர் ஒருவர் கூடவே இருப்பார். முதலில் காலி பஸ். பையன் தைரியம் அடைந்த பிறகே ஆட்கள் ஏறுவார்கள்!

2014-ல் வந்த முடிவு இது: 7 முதல் 13 வயது வரை உள்ள 9 பையன்கள் போனார்கள். 8 பேர் தேறினார்கள். அவர்களில் 4 பேருக்குப் பயம் அடியோடு போய்விட்டது. ஒன்பதே பேர் என்பதையும் மறக்கக்கூடாது. (ரங்கநாதன் தெருவை இப்படி ஓர் அறைக்குள் கொண்டுவந்தால், காலித் தெருவைப் படம் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருக்கும்!)

வீட்டில் என்ன செய்வது?

கருவியை வாங்கிக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. பெரியவர்களும் அதைத் தொட்டுத் தொட்டுப் பேசவேண்டும். ‘‘சாப்பிடலாமா?’’ என்று கேட்கும்போதே அம்மா அந்தப் படத்தைத் தொடவேண்டும். அதைப் பார்த்துத்தான் பிள்ளை கற்கும். மாதக் கணக்கில் ஆகலாம்.

குறும்பு செய்தான் என்று கருவியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுகிறவர்களும் உண்டு. அது வாயைக் கட்டுவதற்குச் சமம்.

இட்லி, பிஸ்கட், பந்து என்று கேட்கும் படங்களை மட்டும் வைத்தால் போதுமா? போதாது. ‘வலிக்கிறது’ என்ற படமும் வேண்டும். ‘வேண்டாம்’ என்ற படமும் வேண்டும். அதைப் பிள்ளை தொட்டால், வீட்டார் நிறுத்தவும் வேண்டும்.