நடுவயது, நோய், நகைச்சுவை – அல்-ஜாஹிஸை முன்வைத்து

மனித ஆயுளின் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயர் சூட்டி வைத்திருக்கும் மொழி அரபு. இளமைக்கும் முதுமைக்கும் இடைப்பட்ட பருவத்தை அது 'குஹூலத்' என்றும், அப்பருவத்தை எட்டியவரைக் 'கஹ்ல்' என்றும் அழைக்கிறது. கறுப்பு முடியோடு நரை கலக்கத் தொடங்கியவர் என்று அகராதிகள் இதற்குப் பொருள் உரைக்கின்றன. அதே வேரிலிருந்து பிறந்த வினைச்சொல், ஒரு செடி தன் முழு வளர்த்தியை அடைந்துவிட்டதைக் குறிக்கவும் வழங்குகிறது. ஈஸா (அலை) அவர்கள் தொட்டிலில் இருக்கும்போதும் இப்பருவத்திலும் மக்களிடம் பேசுவார்கள் என்று கூறும் இறைவசனம் (3:46) 'கஹ்ல்' என்ற சொல்லையே ஆள்கிறது. ஆக, நரையையும் நிறைவையும் அம்மொழி ஒரே வேரில் வைத்துப் பார்த்திருக்கிறது.

இப்பருவம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ஹிஜ்ரி 597இல் (கி.பி. 1201) பக்தாதில் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி, ஆயுளின் பருவங்களைப் பற்றி எழுதிய சிறு நூலில் வாழ்வை ஐந்தாகப் பகுக்கிறார். பிறப்பிலிருந்து பருவமடையும் பதினைந்து வரை ஒன்று, முப்பத்தைந்து வரை இளமை, ஐம்பது வரை குஹூலத், எழுபது வரை முதுமை, அதற்கப்பால் தள்ளாமை. இக்கணக்கை ஏற்றால், ஐம்பத்தெட்டு வயதில் தம்மை நடுவயதினர் என்று சொல்லிக்கொள்ளும் நம்மவர்கள் சற்றுத் தாராளமாகவே சலுகை எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் கூறவேண்டும்.

மரணத்தை நினைவூட்டி ஆயிரக்கணக்கானோரை அழவைத்த இதே பேச்சாளர்தாம் மூடர்களைப் பற்றிய வேடிக்கைக் கதைகளையும் ஒரு தனி நூலாகத் தொகுத்தார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். அவரைப் பற்றிய இன்னொரு செய்தியும் உண்டு. நினைவாற்றல் பெருகும் என்று கருதி அவர் 'பலாதுர்' அருந்தினார். அதனால் தாடி உதிர்ந்து மிகக் குட்டையாகிவிட்டது. எஞ்சியதற்கு இறுதிவரை கறுப்புச் சாயம் இட்டுவந்தார் என்று வரலாற்றாசிரியர் தஹபி பதிவு செய்கிறார். பலாதுர் என்பது வேறொன்றுமில்லை, நம் சித்த மருத்துவர்கள் முறையாகச் சுத்தி செய்யாமல் தொடாத சேராங்கொட்டைதான். கறுப்புச் சாயம் கூடுமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இப்னுல் ஜவ்ஸி கூடும் என்ற தரப்பில் நின்றவர். ஆயுளின் பருவங்களை வரையறுத்துக் கொடுத்த பேரறிஞரும் தம் நரையோடு கொஞ்சம் பேரம் பேசியிருக்கிறார் என்பதில், அவர் மீதான மதிப்பு குறைவதற்கு எதுவுமில்லை. மாறாக, அவர் நமக்கு நெருக்கமானவர் ஆகிறார்.

நம் காலத்து நடுவயதின் சிக்கல் நரையன்று, நாட்பட்ட நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வு, நாட்டின் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இரத்த அழுத்தம் இதைவிடப் பரவலானது. இந்நோய்களுக்கு இரு குணங்கள் உண்டு. வந்தால் பெரும்பாலும் போவதில்லை. வந்த தொடக்கத்தில் வலிப்பதுமில்லை. வலிக்காத ஒன்றை மறைப்பது எளிது. எனவே நம் சமூகத்தில் இது அதிகம் மறைக்கப்படுகிறது. மகளுக்கு வரன் பார்க்கும் தந்தை மறைக்கிறார். கடை நடத்துபவர் பங்காளியிடம் மறைக்கிறார். சிலர் மனைவியிடமே மறைக்கிறார்கள்.

மறைப்பதற்குக் கைகொடுக்கும் கருவிகளுள் ஒன்று நகைச்சுவை என்பதைக் கவனிக்கவேண்டும். கல்யாண விருந்தில் பீர்னிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டு, "உடம்பு முழுக்கச் சர்க்கரைதான் ஓடுது, இன்னும் ரெண்டு கரண்டி சேர்ந்தா என்ன கெட்டுவிடும்?" என்று ஒருவர் சொல்லும்போது பந்தியே சிரிக்கிறது. சிரித்த பிறகு அவரிடம் அதைப் பற்றி எவரும் பேசமுடிவதில்லை. உரையாடலைத் திறப்பது போலத் தோன்றி, கதவை அடைத்துவிடும் வேடிக்கை இது. பரிசோதனைக்கு முந்தைய இரு நாள்கள் மட்டும் பட்டினி கிடந்து மருத்துவரை ஏமாற்ற முயல்பவரின் வேடிக்கையும் இவ்வகையே. ஆனால் அது இப்போது பலிப்பதில்லை. சிவப்பணுக்களில் சர்க்கரை படிந்திருக்கும் அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லிவிடுகிறது. தோள்களில் அமர்ந்து எழுதும் இரு வானவர்களை நம்புகிற சமுதாயம், இரத்தமும் பதிவேடு வைத்திருக்கும் என்பதை அறிந்து இவ்வளவு திடுக்கிட வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான வேறொரு நகைச்சுவை உண்டு. அதற்குச் சான்றாக நிற்பவர் பஸராவின் அல்-ஜாஹிஸ் (ஏறத்தாழ கி.பி. 776–869). ஏழை வீட்டில் பிறந்து, இளமையில் ஆற்றங்கரையில் ரொட்டியும் மீனும் விற்றதாகச் சொல்லப்படும் இவர், அரபு உரைநடையின் தந்தையருள் ஒருவராக உயர்ந்தார். 'ஜாஹிஸ்' என்பது இயற்பெயரன்று. பிதுங்கிய கண்ணுடையவர் என்ற பட்டப்பெயர். தம் தோற்றத்தைப் பற்றிய வேடிக்கைகளை அவரே பரப்பினார். ஒரு பெண் அவரைப் பொற்கொல்லர் கடைக்கு அழைத்துச் சென்று, இதோ இவரைப் போல, என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். விசாரித்தபோது, மோதிரத்தில் ஷைத்தானின் உருவம் பொறிக்கக் கேட்டாள், நான் அவனைப் பார்த்ததில்லையே என்றேன், அதனால் உங்களை அழைத்து வந்தாள் என்று கடைக்காரர் விளக்கினாராம். கலீஃபா அல்-முதவக்கில் தம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அமர்த்த இவரை வரவழைத்து, முகத்தைக் கண்டதும் பத்தாயிரம் திர்ஹம் கொடுத்துத் திருப்பியனுப்பிய கதையும் இவர் வாய்வழியாகவே பரவியது.

இத்தகைய மனிதருக்குப் பிற்கால வாழ்வில் பக்கவாதம் வந்தது. மறுபக்கத்தில் கீல்வாதமும் சேர்ந்துகொண்டது. அவருடைய நோய்க்காலப் பேச்சுகளை இப்னு கல்லிகான் முதலிய வரலாற்றாசிரியர்கள் சொல்வேறுபாடுகளுடன் தருகின்றனர். அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, இலக்கண அறிஞர் அல்-முபர்ரத் நலம் விசாரிக்கச் சென்றபோது சொன்னது. ஒரு பாதி வாளால் அறுத்தாலும் உணராது. மறு பாதி அருகில் ஈ பறந்தாலே வலிக்கும். இவை எல்லாவற்றையும் விடக் கடுமையானது தொண்ணூறைக் கடந்துவிட்ட வயதுதான் என்றார் அவர். இரண்டாவது, மருத்துவரிடம் முறையிட்டது. ஒன்றுக்கொன்று பகையான தன்மைகளெல்லாம் என் உடம்புக்கு எதிராக உடன்படிக்கை செய்துகொண்டுவிட்டன. குளிர்ச்சியானதை உண்டால் காலைப் பிடிக்கிறது, சூடானதை உண்டால் தலையைப் பிடிக்கிறது என்றார். மூன்றாவது, முதவக்கில் தம் ஆட்சியின் இறுதியில் மீண்டும் அழைத்தபோது சொல்லியனுப்பியது. ஒருபக்கம் சாய்ந்த உடலும் ஒழுகும் எச்சிலும் மங்கிய நிறமும் கொண்டவனை வைத்து அமீருல் முஃமினீன் என்ன செய்யப் போகிறார் என்பது அதன் கருத்து. அரபில் இக்குறைகள் ஒவ்வொன்றும் ஒரே இயைபில் முடிகின்றன. வாய் கோணியவர் எதுகை கோணாமல் பேசியிருக்கிறார்!

இப்பேச்சுகளில் நம் கவனத்திற்குரியது வேடிக்கை மட்டுமன்று, துல்லியமும்தான். உணர்வற்ற பாதி, மிகையுணர்வுள்ள பாதி, இரண்டுக்கும் மேலாக வயது என மருத்துவர் குறிப்பேட்டில் எழுதத்தக்க அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. எதுவும் குறைத்துச் சொல்லப்படவில்லை. கேட்டவர் சிரித்திருப்பார், சிரித்த பிறகு நோயாளியின் நிலையை முன்பைவிட நன்றாக அறிந்திருப்பார். பந்தியில் பீர்னி கேட்டவரின் வேடிக்கைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலான பின்பும் அவ்வருணனை பழசாகவில்லை. நீரிழிவு பல்லாண்டு கட்டுக்கடங்காது போனால் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. முள் தைத்ததும் தெரியாமல் நடந்து, புண்ணாகிய பிறகே பார்ப்பவர்கள் உண்டு. யூரிக் அமிலம் கட்டைவிரல் மூட்டில் படிந்தாலோ போர்வை உரசுவதும் பொறுக்காது. பகைத் தன்மைகளின் உடன்படிக்கையை இன்று சிறுநீரக நோயும் நீரிழிவும் சேர்ந்து வந்தவர் நன்கறிவார். ஒரு மருத்துவர் பழம் உண்ணச் சொல்வார்; இன்னொருவர் பொட்டாசியம் கூடும் என்று அதையே விலக்குவார். இந்நிலையில் இருப்பவர் ஜாஹிஸின் முறையீட்டைத் தம் அடுத்த ஆலோசனையின்போது அப்படியே எடுத்துச் சொல்லலாம். மருத்துவருக்கு அது பயனுள்ள தகவலாகவும் இருக்கும்.

இறைத்தூதர் (ஸல்) அவர்களின் நகைச்சுவைக்கும் உண்மையே எல்லையாக இருந்தது. தங்களும் வேடிக்கை பேசுகிறீர்களே என்று தோழர்கள் கேட்டபோது, உண்மையைத் தவிர வேறெதையும் கூறுவதில்லை என்று பதிலளித்ததாகத் திர்மிதி பதிவு செய்கிறார். சொர்க்கம் செல்லப் பிரார்த்திக்கக் கேட்ட மூதாட்டியிடம், முதியவள் எவளும் அதில் நுழையமாட்டாள் என்று சொல்லி, அழுது திரும்பியவரிடம், முதியவளாக அல்ல, இளமையாக்கப்பட்டே நுழைவாய் என்று 56ஆம் அத்தியாயத்தின் வசனத்தைக் கொண்டு விளக்கச் செய்த நிகழ்ச்சியை ஷமாயில் தருகிறது. முதல் கூற்றும் உண்மை, இரண்டாவதும் உண்மை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள், மருந்தில்லாத நோயை இறைவன் படைக்கவில்லை, ஒன்றைத் தவிர, அது முதுமை என்ற நபிமொழியிலும் (அபூதாவூத்) மெல்லிய புன்னகை இருப்பதாகவே நமக்குப் படுகிறது. மருந்தைத் தேடச் சொல்லும் அதே மூச்சில் மருந்தின் எல்லையும் சொல்லப்பட்டுவிடுகிறது.

உண்மையைச் சொல்லும் இத்துணிவு சட்டத்தோடும் தொடர்புடையது. நோயாளிக்கு நோன்பில் அளிக்கப்பட்டுள்ள சலுகை (2:184) 'நான் நோயாளி' என்று ஒப்புக்கொள்பவருக்கே பயன்படும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவர், பிற்பகலில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து நடுங்கும்போதும் பிறர் என்ன நினைப்பாரோ என்று நோன்பைத் தொடர்வது, இறையச்சத்தால் அன்று, பெரும்பாலும் வெட்கத்தால். தம் நோயைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகியவருக்கு அந்த வெட்கம் தடையாக இராது.

ஒருவர் தம் உடலைப் பற்றிச் சிரிக்கலாம். பிறர் உடலைப் பற்றிச் சிரிப்பது பரிகாசம். அதைத் திருமறை (49:11) தடுத்துவிட்டது. எல்லோரும் சிரித்தாக வேண்டும் என்பதுமில்லை. அய்யூப் (அலை) அவர்கள் தமக்குத் துன்பம் தீண்டியதை நேராகவே முறையிட்டார்கள் (21:83). அழுபவரிடம் போய் ஜாஹிஸைப் படிக்கச் சொல்வது இங்கிதமாகாது.

ஜாஹிஸ் நோயில் வெறுமனே பேசிக்கொண்டிருக்கவில்லை. பிற்காலத்தில் ஏழு பாகங்களாக அச்சேறிய 'கிதாபுல் ஹயவான்' என்ற விலங்குகள் பற்றிய பெருநூலில், தாம் விரும்பியபடி எழுதத் தடையாக நின்றவற்றைப் பட்டியலிடும்போது, கடும் நோய் முதலாவது, உதவியாளர் குறைவு இரண்டாவது, நூலின் நீளம் மூன்றாவது என்று எழுதிவிட்டு, வேலையைத் தொடர்கிறார். அந்நூலில் ஈயைப் பற்றிய பகுதியில் பஸராவின் நீதிபதி ஒருவர் வருகிறார். கம்பீரத்துக்குப் பெயர்போனவர்; நட்டுவைத்த பாறை போல் அசையாமல் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர். ஒருநாள் ஓர் ஈ அவர் மூக்கில் உட்கார்ந்து, கண்ணின் ஓரத்துக்கு நகர்ந்து, அங்கேயே கடித்துக் குடைகிறது. அவர் பொறுக்கிறார், இமைக்கிறார், மீண்டும் மீண்டும் இமைக்கிறார், கையால் விரட்டுகிறார், கடைசியில் சட்டைக்கையின் நுனியால் வீசுகிறார். சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்ததும், இறைவனின் படைப்புகளிலேயே பலவீனமானது என்னை வென்று அம்பலப்படுத்திவிட்டது என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டு, ஈயைப் பற்றிய இறைவசனத்தை (22:73) ஓதுகிறார். தம் வலியை முபர்ரதிடம் அளந்து சொல்ல ஜாஹிஸ் பின்னர் தேர்ந்தெடுத்ததும் இதே ஈயைத்தான்.