இணையத்தில் காட்டும் வீட்டு விலையை நம்பலாமா?

ஜோர்ஜ்டவுன்: முகவரியைத் தட்டினால் போதும், வீட்டின் விலை இவ்வளவு என்று சில இணையத்தளங்கள் நொடியில் சொல்லிவிடுகின்றன. அதை நம்பி முன்பணம் கட்டலாமா?

அக்கம்பக்கத்து வீடுகள் முன்பு கைமாறிய விலைகளை வைத்தே பெரும்பாலும் இந்த மதிப்பு கணிக்கப்படுகிறது. ஒரே மாதிரியான வீடுகள் நிறைந்த அடுக்குமாடிக்கு இது ஓரளவு பொருந்தும். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்ட பகுதியின் பழைய கடைவீடுகளுக்கு அப்படியல்ல. ஒரே வரிசையில் ஒரு வீடு புதுப்பிக்கப்பட்டிருக்கும். அடுத்த வீட்டுக் கூரை ஒழுகும். அந்த வேறுபாடு கணினிக்குத் தெரியாது.

அமெரிக்காவின் ஸில்லோ நிறுவனமே விலைகளைச் சரியாகக் கணிக்க முடியாமல், வீடுகளை வாங்கி விற்கும் தொழிலை 2021 நவம்பரில் கைவிட்டது.

விற்பனை விலை, பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் தரும் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதற்கே வங்கிகள் பொதுவாகக் கடன் தரும். 500,000 ரிங்கிட்டுக்குப் பேசிய வீட்டுக்கு மதிப்பீட்டாளர் 450,000 ரிங்கிட் போட்டால், 90 விழுக்காட்டுக் கடன் 405,000 ரிங்கிட்தான். கையில் 50,000 ரிங்கிட் போதும் என்று நினைத்தவர் 95,000 ரிங்கிட் திரட்ட வேண்டும்.

ஆகவே, முன்பணம் கட்டும் முன்பே வங்கியிடம் உத்தேச மதிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிதியமைச்சின் கீழுள்ள ஜேபிபிஎச் துறையின் நாபிக் மையம் வெளியிடும் விற்பனை விவரங்களையும் பாருங்கள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.