முன்னே ஓடும் பிள்ளைகளுக்கு இணையவழி ஆங்கில வாசிப்பு

ஐந்தாம் வகுப்பில் ஓர் ஆங்கிலப் பாடவேளை. பாடப்பகுதியை வாசித்து, கீழுள்ள வினாக்களுக்கு விடை எழுதச் சொல்கிறோம். பத்து நிமிடத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் முதல் பத்தியில் இருக்கிறார்கள். முடித்தவர்களை அடுத்த முப்பது நிமிடம் என்ன செய்யச் சொல்கிறோம்? குறிப்பேடுகளை அடுக்கச் சொல்கிறோம், பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்கிறோம், பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறோம். அதுவும் இல்லையென்றால் அதே விடையை இன்னொரு முறை எழுதச் சொல்கிறோம்.

மெல்லக் கற்போருக்கான குறைதீர் கற்பித்தல் பற்றிப் பயிற்சிகளில் நிறையப் பேசுகிறோம். அது தேவையானதுதான். ஆனால் வகுப்பு நிலையைத் தாண்டி வாசிக்கும் பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் அந்த ஒரே பாடநூல்தான் கிடைக்கிறது. ஜூன் மாதமே மூன்று பருவத்துக்கும் உரிய கதைகளை ஆர்வத்தில் படித்து முடித்துவிட்ட பிள்ளை, மார்ச் வரை அவற்றையே கேட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஆங்கில நூல்கள் உள்ள பிள்ளைக்கு இதனால் பெரிய இழப்பில்லை. நம் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கில எழுத்து கண்ணில் படும் ஒரே இடம் வகுப்பறைதான். அங்கும் புதிதாக வாசிக்க எதுவும் இல்லையென்றால் அந்த ஆர்வம் சிறிது சிறிதாக வடிந்துவிடும். ஆறாம் வகுப்பில் ‘நன்றாகப் படித்த பிள்ளை ஏன் இப்படி மந்தமாகிவிட்டது’ என்று நாம் வியக்கும்போது, அதற்கான காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும்.

கூடுதல் வாசிப்பு மொழியை வளர்க்கும் என்பது புதிய கருத்து அன்று. 1920-களில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களுக்கு ஆங்கிலம் பேசுவதைவிட வாசிப்பதே முதலில் கைகூடும், அதுவே அவர்களுக்கு அதிகம் பயன்படும் என்று வாதிட்டு, சொற்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி எழுதப்பட்ட வாசிப்பு நூல்களை உருவாக்கினார். இன்று உலகெங்கும் பயன்படும் படிநிலை வாசிப்பு நூல்களின் முன்னோடிகளில் அவையும் அடங்கும். பின்னர் பிஜித் தீவுகளில் வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் ஓர் ஆய்வு நடத்தினர். அதன் முடிவுகள் 1983-இல் வெளிவந்தன. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில், நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு வகுப்புக்கு 250 என்ற கணக்கில் சுவையான ஆங்கிலக் கதை நூல்கள் தரப்பட்டன. எட்டு மாத முடிவில் அந்தப் பிள்ளைகள் வாசித்தலிலும் கேட்டலிலும் வழக்கமான வேகத்தைப் போல இரு மடங்கு முன்னேறியிருந்தனர். அடுத்த ஆண்டில் அந்த முன்னேற்றம் எழுத்துத் திறனுக்கும் பரவியிருந்தது. அங்கே செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. படிக்க விரும்பும் நூல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன, அவற்றைப் படிக்க நேரமும் ஒதுக்கப்பட்டது.

வகுப்புக்கு 250 ஆங்கில நூல்கள் வாங்க நம்மால் முடியாது. இணையம் உதவுவது இந்த இடத்தில்தான். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் படங்களுடன் கூடிய சிறுவர் கதைகள் ஏராளமாக உள்ளன. நான்கு நிலைகளாக அவை பிரிக்கப்பட்டுள்ளன. முதல் நிலைக் கதையில் சில பத்துச் சொற்களே இருக்கலாம். நான்காம் நிலைக் கதை 1500 சொற்களையும் தாண்டும். கட்டணம் இல்லை. திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டிருப்பதால் தரவிறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். பிரிட்டிஷ் கவுன்சிலின் சிறுவர் தளத்தில் ஒலியுடன் கூடிய சிறுகதைகளும் அவற்றுக்கான பயிற்சித் தாள்களும் உண்டு. கதையைவிட அறிவியலை விரும்பும் பிள்ளைக்கு நாசாவின் ‘ஸ்பேஸ் பிளேஸ்’ தளம் பொருந்தும். தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட குறுங்கட்டுரைகள் அதில் உள்ளன, விளம்பரத் தொல்லையும் இல்லை. பழைய செவ்வியல் நூல்களைத் தரும் ‘புராஜெக்ட் குட்டன்பர்க்’ பற்றிப் பலர் பரிந்துரைப்பார்கள். அதன் நடை நூறாண்டு பழையது என்பதால் எட்டாம் வகுப்புக்குக் கீழே அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

நூல்கள் கிடைப்பது எளிது. யாருக்கு எதைக் கொடுப்பது என்பதில்தான் நாம் சறுக்குகிறோம். தங்குதடையின்றி உரக்க வாசிக்கும் பிள்ளையை உடனே ‘மீத்திறன்’ பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். உரக்க வாசிப்பது வேறு, பொருள் புரிந்து வாசிப்பது வேறு. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பிள்ளை இதுவரை பார்த்திராத ஒரு கதையின் இரண்டு பக்கங்களை மௌனமாக வாசிக்கவிட்டு, திரையை மூடிவிட்டு, ‘என்ன நடந்தது, தமிழில் சொல்லு’ என்று கேளுங்கள். புரிந்து வாசித்த பிள்ளை, கதையில் யார் ஏன் கோபித்துக்கொண்டார் என்பது வரை சொல்லிவிடும். ஒலிக்க மட்டும் தெரிந்த பிள்ளை நினைவில் நின்ற நாலு சொற்களைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். தேர்வு மதிப்பெண்ணை வைத்து மட்டும் பட்டியல் போடும்போது, அமைதியாகப் பின்வரிசையில் இருந்து நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் விடுபட்டுப்போவதும் உண்டு.

அடுத்தது கதையின் கடினம். துணையின்றி ஒரு பனுவலைச் சுவைத்துப் படிக்க, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹூ, நேஷன் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. நூறு சொல்லுக்கு இரண்டு புதுச் சொல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கி, ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்த நூலை மாற்றிக்கொள்ளும் பழைய முறையும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். ‘கெட்டிக்காரப் பிள்ளைதானே’ என்று இரண்டாம் நிலையிலிருந்து நேரே நான்காம் நிலைக்குத் தூக்கிவிடுவது, நன்றாக நீந்தும் பிள்ளையைக் கடலில் இறக்குவது போன்றது. ஒரு நிலை மட்டும் ஏற்றுங்கள். அதிலும் பத்துக் கதைகளாவது படித்த பிறகு அடுத்ததைப் பார்க்கலாம்.

படித்த பிறகு என்ன செய்யச் சொல்வது? வினா-விடைத் தாள் தயாரித்துக் கொடுப்பதே நம் கைவழக்கம். தாமாக விரும்பிப் படித்த கதைக்கும் பத்து வினா வரும் என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை பிள்ளை வேலையை மெதுவாக முடிக்கக் கற்றுக்கொள்ளும். கூடுதல் வாசிப்பு தண்டனையாக மாறிவிடக் கூடாது.

நான் கண்டவற்றில் மிகுந்த பயன் தந்த செயல்பாடு மொழிபெயர்ப்பு. ஒரு மூன்றாம் நிலை ஆங்கிலக் கதையை இருவர் சேர்ந்து தமிழில் எழுத வேண்டும். அதை இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் பணி. எளிதாகத் தோன்றும். கதையில் ஒரு சிறுமி தன் ‘கஸின்’ வீட்டுக்குப் போகிறாள் என்று வந்தால் போதும், இருவரும் திணறத் தொடங்குவார்கள். அத்தை மகளா, மாமா மகளா, சித்தி மகளா, பெரியப்பா மகளா? ஆங்கிலம் ஒரே சொல்லில் கடந்துவிட்டதைத் தமிழ் கடக்க விடாது. உடனே படங்களைத் திரும்பப் பார்ப்பார்கள், முந்தைய பக்கங்களில் அம்மாவின் ஊர் பற்றி ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று தேடுவார்கள், வயதில் மூத்தவரா இளையவரா என்று வாதிடுவார்கள். ‘யூ’ என்பதை ‘நீ’ என்பதா ‘நீங்கள்’ என்பதா என்ற கேள்வி ஒவ்வொரு உரையாடலிலும் வரும். கடைக்காரர் சிறுவனிடம் பேசும்போது ஒன்று, சிறுவன் கடைக்காரரிடம் பேசும்போது வேறொன்று. இந்தத் தேடலுக்குப் பெயர்தான் நுணுக்கமான வாசிப்பு. ‘கதாபாத்திரங்களின் உறவை விளக்குக’ என்று வினா கேட்டு இதை வரவழைக்க முடியாது. நம் பிள்ளைகளுக்கு இரண்டு மொழி தெரியும் என்பது இங்கே குறையாக நிற்காமல் கருவியாக மாறுகிறது. ‘ஆங்கில வகுப்பில் தமிழா’ என்று தயங்குகிற ஆசிரியர்கள் ஒரு முறை செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, வாசித்துச் செய்தல். அர்விந்த் குப்தாவின் தளத்தில் காகிதம், தீக்குச்சி, பழைய புட்டி, காந்தம் ஆகியவற்றைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்யும் முறை, படங்களோடும் சுருக்கமான ஆங்கிலக் குறிப்புகளோடும் தரப்பட்டிருக்கிறது. குறிப்பைச் சரியாகப் படித்தால் பொம்மை வேலை செய்யும். தவறாகப் படித்தால் செய்யாது. நாம் திருத்த வேண்டிய வேலையே இல்லை, பிள்ளை தானே திரும்பிப்போய்ப் படித்துக்கொள்ளும். கத்தரிக்கோல், தீக்குச்சி போன்றவை வரும் இடங்களில் மட்டும் நாம் அருகில் இருக்க வேண்டும்.

ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விக்கிப்பீடியா ஒப்பீடு பொருத்தமாக இருக்கும். எளிய ஆங்கிலத்தில் எழுதப்படும் தனி விக்கிப்பீடியா ஒன்று உண்டு. யானை பற்றிய கட்டுரையை எளிய ஆங்கிலத்திலும் தமிழிலும் படித்து, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத மூன்று செய்திகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். இரண்டும் ஒரே செய்திக்கு வெவ்வேறு எண்ணைத் தந்தால் இன்னும் நல்லது. எதை நம்புவது, ஏன் என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கும். யாரும் திருத்தக்கூடிய தளம் என்பதால் அன்று கொடுக்கும் பக்கத்தை நாம் முன்னதாக ஒரு முறை படித்துவிட வேண்டும்.

ஒலியுடன் வரும் கதைகளைப் பயன்படுத்துவதில் ஒரு சிறு மாற்றம் செய்தால் பலன் கூடும். முதலில் ஒலியை நிறுத்திவிட்டு வாசிக்கட்டும். பிறகு ஒலியோடு கேட்கட்டும். தாம் நினைத்த உச்சரிப்பிலிருந்து வேறுபட்ட சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். தீவைக் குறிக்கும் சொல்லை ‘இஸ்லாண்ட்’ என்று மனத்துக்குள் படித்திருந்த பிள்ளைக்கு ‘ஐலண்ட்’ என்று கேட்கும் நொடியில் ஏற்படும் வியப்பு, கரும்பலகையில் பத்து முறை எழுதினாலும் வராது. தெரியாத சொல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பொருள் பார்க்கும் பழக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். ஒரு கதைக்கு மூன்று சொல் மட்டும் என்று வரம்பு வையுங்கள். எந்த மூன்று என்று தேர்ந்தெடுப்பதே ஒரு பயிற்சி. மற்றவற்றை ஊகிக்கட்டும். ஆற்றங்கரையில் நடக்கும் கதையில் ‘பேங்க்’ என்ற சொல்லைத் தேடி, முதலில் வந்த ‘வங்கி’ என்ற பொருளை எழுதிவைக்கும் பிள்ளைக்கு, இரண்டாவது பொருளையும் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் கதையே கற்றுக்கொடுக்கும்.

படித்தவுடன் நட்சத்திரமும் பதக்கமும் தரும் செயலிகளை நான் அதிகம் விரும்புவதில்லை. பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு நட்சத்திரத்தை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். ‘நாற்பது கதை படித்தேன்’ என்னும் பிள்ளையிடம் பிடித்த ஒரு கதையைச் சொல்லச் சொன்னால் விழிக்கும்.

கருவிகளைப் பற்றிய கவலை உண்மையானது. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளுக்கு இது எளிது. திறன்மிகு வகுப்பறை அல்லது ஆசிரியரின் கைக்கணினி மட்டும் உள்ள பள்ளியில், ஒரு கருவிக்கு மூவர் என்று உட்காரலாம். ஒருவர் பக்கம் திருப்புபவர், ஒருவர் சொல் குறிப்பவர், ஒருவர் கதை சொல்பவர். வாரம் இரு முறை இருபது நிமிடம் போதும். நூலகப் பாடவேளையையும் இதற்குப் பயன்படுத்தலாம். வீட்டில் படிக்க அனுப்புவதாக இருந்தால், தளத்தின் இணைப்பை அனுப்பாதீர்கள், தரவிறக்கிய கோப்பை அனுப்புங்கள். அப்பா வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குக் கொண்டுவரும் ஒரே கைப்பேசியில், இணைப்பைத் திறந்தால் அரை மணி நேரத் தரவும் போகும், பிள்ளை காணொளிக்கும் போய்விடும். கைப்பேசியே இல்லாத வீடுகளுக்கு, கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட நான்கு தாள் போதுமானது. பிள்ளைகளின் பெயரில் எந்தத் தளத்திலும் கணக்குத் தொடங்க வேண்டாம். 18 வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆசிரியரின் ஒரே கணக்கு எல்லாத் தேவைக்கும் போதும்.

ஓரத்தில் மூன்று பேர் மட்டும் கைக்கணினியோடு அமர்ந்திருந்தால் மற்ற பிள்ளைகளுக்கு என்ன தோன்றும் என்ற கேள்வியை ஆசிரியர்கள் சரியாகவே கேட்கிறார்கள். குழுவை நிரந்தரமாக்க வேண்டாம். அன்றைய பாடவேலையை முடித்த யாரும் வந்து அமரலாம் என்று இருக்கட்டும். இவர்கள் செய்தது வகுப்புக்குத் திரும்பி வர வேண்டும். மொழிபெயர்த்த கதை, செய்த பொம்மை, கடைசிப் பக்கத்தை மறைத்துவிட்டு ‘முடிவு என்னவாக இருக்கும்’ என்று வகுப்பைக் கேட்கும் ஐந்து நிமிடம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். கதையின் முடிவை மற்றவர்கள் தமிழிலேயே ஊகிக்கலாம். சரியாக ஊகித்த பிள்ளை, ‘அந்தக் கதையை நானும் படிக்கிறேன்’ என்று கேட்டு வரும்போது கொடுப்பதற்கு அதே கதையின் எளிய நிலைப் பதிப்போ தமிழ்ப் பதிப்போ இருக்கிறதா என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்க விரும்புவோர் பருவத் தொடக்கத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். இரண்டாம் நிலையில் ஆறு, மூன்றாம் நிலையில் ஆறு என்று 12 கதைகளைத் தாமே படித்துத் தேர்ந்து, தரவிறக்கி, ஒரே கோப்புறையில் போட்டு வைக்கலாம். ஒரு பழைய குறிப்பேட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, கதையின் பெயர், பிள்ளை அதைப் பற்றிச் சொன்ன ஒரே ஒரு வாக்கியம், இவ்வளவு மட்டும் எழுதி வாருங்கள். மதிப்பெண் தேவையில்லை. பிள்ளை தமிழில் சொன்னால் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.